பளிங்கு மண்டபம் எழுப்பியவர்

வங்காளத்தில் பசீர்ஹாட்டை அடுத்த பாப்லா என்னும் சிற்றூரில் 1854ஆம் ஆண்டு பிறந்தவர் ராஜேந்திரநாத் முகர்ஜி. ஆறு வயதில் தந்தையை இழந்த அவர், கொல்கத்தாவில் பொறியியல் பயின்றார். உடல்நலக் குறைவால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார்.

அலிப்பூர் உயிரியல் பூங்காவில் ஒருநாள், ஹூக்ளி ஆற்றில் மிதவைப் பாலம் அமைத்த பொறியாளர் பிராட்ஃபோர்டு லெஸ்லியைத் தற்செயலாகச் சந்தித்தார். அதன் பயனாக, நகருக்குக் குடிநீர் வழங்கும் பால்டா நிலையத்தின் ஒப்பந்தப்பணி அவருக்குக் கிடைத்தது. 1892இல் ஆக்வின் மார்ட்டினுடன் கூட்டாக மார்ட்டின் நிறுவனத்தைத் தொடங்கினார். சிற்றிருப்புப் பாதைகளும் பல நகரங்களின் குடிநீர்ப் பணிகளும் அந்நிறுவனத்தால் உருவாயின.

நீங்கள் காணும் விக்டோரியா நினைவு மண்டபமும் அந்நிறுவனம் கட்டியதே. 1906 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது; ஏப்ரலில் மார்ட்டின் காலமானார். நிறுவனத்தின் தலைமை முகர்ஜியிடம் வந்தது. 1911இல், தலைநகர் தில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. தலைநகருக்கெனத் திட்டமிட்ட மண்டபம், தலைநகரல்லாத ஊரில் பாதியில் நின்றது! அடுத்து உலகப்போர் மூண்டது. முகர்ஜியோ எடுத்த பணியைக் கைவிடவில்லை. மக்ரானாப் பளிங்கால் ஆன அம்மண்டபம் 1921 டிசம்பரில் திறக்கப்பட்டது.

அவ்வாண்டே, ஹவுராவில் புதிய பாலம் அமைப்பது குறித்து ஆராயும் குழுவுக்கு அவர் தலைவரானார். அப்பாலம் 1943இல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை, 1936லேயே மறைந்திருந்தார்.