முதல் நாவலுக்கும் பெஸ்ட்செல்லர் பட்டியலுக்கும் நடுவே 44 ஆண்டுகள்: யார் இந்த ஆக்டேவியா பட்லர்?

வேலைக்குச் சேர்ந்து 5 வருஷம் ஆச்சு, சொல்லிக்கொள்ளும்படி ஒன்னும் நடக்கலையே என்று யோசிக்கிறீங்களா? அப்போ இந்த அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளரின் கணக்கைக் கொஞ்சம் பாருங்க.

யார் இவர்?

1947-ல் கலிஃபோர்னியாவின் பசடேனாவில் பிறந்த கறுப்பினப் பெண். ஷூ பாலிஷ் போட்டுவந்த அப்பா, மகளின் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தார். பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். மகள் அதைப் பார்த்தே வளர்ந்தார். டிஸ்லெக்ஸியாவும் இருந்தது. 12 வயதில் டிவியில் ஒரு மோசமான அறிவியல் புனைகதைப் படம் பார்த்தவர், இதைவிட நல்ல கதையை நாமே எழுதலாமே என்று உட்கார்ந்தார்.

அந்த 5 வருஷம்

1970-ல் கிளேரியன் எழுத்துப் பயிலரங்கில் 2 கதைகள் விலைபோயின. ஒன்று அச்சானது. மற்றொன்றை வாங்கிய தொகுப்பு, அவர் உயிரோடு இருந்தவரை வெளிவரவே இல்லை. அடுத்த 5 ஆண்டுகளில் ஒரு கதைகூட விற்கவில்லை. அம்மாவுக்கு மகள் செக்ரட்டரி ஆனால் போதும். மகளோ பாத்திரம் கழுவினார், டெலிமார்க்கெட்டிங் செய்தார், சிப்ஸ் ஆலையில் தரம் பார்த்தார். காரணம், இந்த வேலைகள் மூளையைக் கேட்காது. அதிகாலை 2 மணிக்கு எழுந்து எழுதினார்.

பிறகு?

1976-ல் முதல் நாவல் 'பேட்டர்ன்மாஸ்டர்'. 1979-ல் 'கின்ட்ரெட்': நவீன கறுப்பினப் பெண் ஒருத்தி அடிமை முறை இருந்த காலத்துக்கு இழுக்கப்படுகிறாள். உயிர் பிழைக்க எத்தனை அவமானத்தை விழுங்கணும் என்று கேட்கும் அந்தக் கதைக்குப் பின்னால் அம்மாவின் பின்வாசல் இருக்கிறது. 1984, 1985 என அடுத்தடுத்து ஹியூகோ விருது. 1995-ல் 2,95,000 டாலர் மெக்ஆர்தர் நிதி. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை.

1988-லேயே தன் நோட்டில், நான் பெஸ்ட்செல்லர் எழுத்தாளர் ஆவேன் என்ற பொருளில் எழுதி வைத்திருந்தார். பருவநிலை மாற்றத்தால் சிதையும் 2024-ன் கலிஃபோர்னியாவைக் காட்டிய அவரது 1993 நாவல் 'பேரபிள் ஆஃப் தி சோவர்', 2020-ல்தான் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் ஏறியது. 2006-லேயே, 58 வயதில், அவர் போய்விட்டார். 2021-ல் செவ்வாயில் பெர்சிவரன்ஸ் ரோவர் இறங்கிய இடத்துக்கு நாசா அவர் பெயரை வைத்தது.

உழைச்சா பலன் கிடைச்சிடும் என்று இதைப் படிக்காதீங்க. அவருக்கு அந்தப் பட்டியலைப் பார்க்கக் கிடைக்கவில்லை. 1975-ல் யாராவது அவருக்கு அப்ரைசல் போட்டிருந்தால் மார்க் பூஜ்யம்தான். அடுத்த நாளும் 2 மணிக்கு எழுந்தார் என்பது எந்த ஷீட்டிலும் வந்திருக்காது.