செங்கமாரியும் பாரூக் புளும்பேர்க்கும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், கண் மஞ்சளித்தால் அது செங்கமாரி. மாரி மழையோடு வயல் வரம்பிலும் வளவிலும் முளைக்கும் கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது அதற்கான கைமருந்து. இந்தச் செடி ஒருமுறை அமெரிக்க ஆய்வுகூடம் வரை போனது. அங்கே அதைச் சோதித்தவர்களில் ஒருவர், ஹெப்படைட்டிஸ் பி வைரசைக் கண்டறிந்த வைத்தியர் பாரூக் புளும்பேர்க். அவர் பிறந்த ஜூலை 28தான் உலக ஹெப்படைட்டிஸ் தினம்.

1925இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். கடற்படையில் இருந்தார், கணிதம் படிக்கத் தொடங்கினார், பிறகு மருத்துவத்துக்கு மாறினார். மாணவனாக 1950இல் தென்னமெரிக்காவின் சுரினாமில் ஒரு சுரங்க ஊருக்குப் போனதுதான் அவரது வாழ்க்கையின் திருப்பம். தோட்ட வேலைக்கெனக் கப்பலேற்றப்பட்ட இந்தியர், ஜாவாக்காரர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர் ஆகியோரின் சந்ததிகள் அங்கே அயலவராக வாழ்ந்தார்கள். யானைக்கால் நோயைத் தரும் புழு அவர்கள் எல்லோரையும் ஒரேயளவு பாதிக்கவில்லை. ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வியோடு அவர் திரும்பினார்.

விடை தேடி உலகெங்குமிருந்து குருதி மாதிரிகளைச் சேர்த்தார். வைரசைத் தேடும் எண்ணமே அப்போது அவருக்கு இல்லை. பலமுறை குருதி ஏற்றப்பட்ட ஒரு நியூயோர்க் நோயாளியின் குருதி, அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியிலிருந்த ஏதோ ஒரு புரதத்தோடு வினைபுரிந்தது. அதற்கு அவுஸ்திரேலியா அன்டிஜன் என்று பெயர் வைத்தார்கள். 1967இல் அவரது ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு உடல் சோர்ந்தது. தன் குருதியைத் தானே சோதித்தபோது அதே அன்டிஜன் தெரிந்தது. தொடர்ந்து ஈரல் அழற்சியும் வந்தது. அவர் சுகமடைந்தார். அந்தப் புரதம் ஹெப்படைட்டிஸ் பி வைரசின் மேலுறை என்பது பின்னர் உறுதியானது.

இதன் பயன் முதலில் இரத்த வங்கிகளுக்குக் கிடைத்தது. தானம் செய்யப்படும் குருதியைச் சோதித்து ஒதுக்க முடிந்தது. 1969இல் புளும்பேர்க்கும் இர்விங் மில்மனும் அந்த மேலுறையைக் கொண்டே தடுப்பூசி செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினார்கள். 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. 1981இல் தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1984இல் தாய்வான் தன் குழந்தைகளுக்கு அதை ஏற்றத் தொடங்கியது. அங்கே பிள்ளைகளின் ஈரல் புற்றுநோய் குறைந்தது. ஊசியால் ஒரு புற்றுநோயைக் குறைக்கலாம் என்பது அன்றைக்குச் சின்ன விசயமல்ல.

கீழ்க்காய்நெல்லிக்கு வருவோம். 1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும் புளும்பேர்க்கோடு இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வைரசைக் காவித் திரிந்தவர்களில் இம்மூலிகையை உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து அன்டிஜன் மறைந்தது. வெற்றுமாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பெரிய நம்பிக்கை. ஆனால் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாட்டு மருந்தென்று ஒதுக்காமல் சோதித்துப் பார்த்ததே புளும்பேர்க்கின் பெருமை என்பேன்.

நமது ஊர்களில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே மாறும். பெயரைக் கைமருந்து எடுத்துக்கொள்ளும். பி அப்படியல்ல. அது குருதி, உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளை என்ற வழிகளில் தொற்றும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் நிலைத்துவிடும். கண் மஞ்சளிக்காமலே பல வருடம் இருந்து, ஈரல் சுருங்கிய பிறகுதான் பலருக்குத் தெரியவரும்.

புளும்பேர்க் 2011 ஏப்ரலில், 85 வயதில், கலிபோர்னியாவில் நாசாவின் ஆய்வு நிலையத்தில் நடந்த ஒரு மாநாட்டின்போது இறந்தார். இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்படைட்டிஸ் பி 2003இல் சேர்ந்தது. இப்போது பிள்ளைகளுக்கு 2, 4, 6ஆம் மாதங்களில் கிளினிக்கில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் அது அடக்கம். அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த ஊசி கிடைத்ததில்லை. அவர்களுக்குத் தொற்று இருக்கிறதா என்று சொல்வது, அந்த அவுஸ்திரேலியா அன்டிஜனைத் தேடும் அதே குருதிப் பரிசோதனைதான்.