கெமிஸ்ட்ரி வாத்தியார் எழுதிய இலக்கணம்: யார் இந்த பொம்பேயு ஃபாப்ரா?

பார்சிலோனாவில் மேற்படிப்புக்கு அப்ளை செய்தவர்களுக்கு ‘பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம்’ என்ற பெயர் தெரிந்திருக்கும். பக்கத்து ஊரான பதலோனாவில் ஒரு மெட்ரோ ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான். யார் இவர்? அரசியல் தலைவரா, ராணுவத் தளபதியா? இரண்டும் இல்லை. கத்தலான் மொழிக்கு இலக்கணம் எழுதியவர். அதுவும் மொழியியல் படித்துவிட்டு அல்ல, இன்ஜினியரிங் படித்துவிட்டு!

முதலில் அந்த மொழி. கத்தலானை ஸ்பானிஷின் வட்டார வழக்கு என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியன் போல அதுவும் பேச்சு லத்தீனிலிருந்து நேரடியாகப் பிறந்த மொழி. ஜன்னலுக்கு ஸ்பானிஷில் வெந்தானா. கத்தலானில் இத்தாலியனைப் போலவே ஃபினெஸ்த்ரா. ஸ்பானிஷ் மேசா, கத்தலானில் தாவ்லா. (நம்ம ‘மேசை’, ‘ஜன்னல்’ இரண்டுமே போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. அது தனிக்கதை.)

இலக்கணத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘போகிறேன்’ என்ற வினையோடு ‘பாட’ என்பதைச் சேர்த்தால் ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் ‘பாடப் போகிறேன்’ என்று அர்த்தம். கத்தலானில் அதே அமைப்புக்கு ‘பாடினேன்’ என்று அர்த்தம். எதிர்காலம் அப்படியே இறந்தகாலம் ஆகிவிடுகிறது!

ஃபாப்ரா பிறந்தது 1868-ல், கிராசியாவில். இன்று அது பார்சிலோனாவின் ஒரு பகுதி. அன்று தனி ஊர். அந்தக் காலத்தில் வீட்டிலும் தெருவிலும் கத்தலான், பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் ஸ்பானிஷ். கத்தலானில் எழுத நினைத்தவர்கள் ஆளுக்கொரு ஸ்பெல்லிங் வைத்திருந்தார்கள். இன்ஜினியரிங் படித்துக்கொண்டே மொழியியலைத் தானாகக் கற்ற ஃபாப்ரா, 23 வயதில், 1891-ல், முதல் இலக்கண நூலை வெளியிட்டார். அதை எழுதியது ஸ்பானிஷில் என்பதுதான் அன்றைய நிலைமை.

ஆனால் இலக்கணம் சோறு போடாது இல்லையா? 1902-ல் பில்பாவோ இன்ஜினியரிங் கல்லூரியில் கெமிஸ்ட்ரி பேராசிரியர் வேலை கிடைத்தது. பத்து வருடம் அங்கே பாடம் எடுத்துக்கொண்டே கத்தலான் ஆராய்ச்சியையும் தொடர்ந்தார். பார்சிலோனாவில் கத்தலான் ஆய்வு நிறுவனம் மொழிப் பிரிவைத் தொடங்கியபோது அதில் உறுப்பினரானார். 1912-ல் ஊர் திரும்பினார்.

ஒரே ஒரு எழுத்து

1913-ல் அந்த நிறுவனம் எழுத்து விதிகளை வெளியிட்டது. பின்னணியில் இருந்த முக்கிய மூளை ஃபாப்ரா. ஒரு சின்ன உதாரணம் போதும். ‘வீடு’ என்பதற்கு காசா. ‘வீடுகள்’ என்று எழுதும்போது கடைசியில் ‘அ’ வருமா, ‘எ’ வருமா? பார்சிலோனாக்காரர்கள் இரண்டையும் ஒரே மாதிரி மழுங்கலாக உச்சரிப்பவர்கள், அவர்களுக்கு எதுவும் ஓகே. ஆனால் வலென்சியா பக்கம் அங்கே ‘எ’ தெளிவாகக் கேட்கும். ஃபாப்ரா ‘எ’ பக்கம் நின்றார். தலைநகரத்தின் உச்சரிப்பை எல்லோர் மீதும் திணிக்காமல், எல்லா வட்டாரமும் தன்னுடையது என்று படிக்கக்கூடிய ஸ்பெல்லிங்கைத் தேர்ந்தெடுத்தார். என் பார்வையில் அவர் எடுத்த மிக புத்திசாலித்தனமான முடிவு இதுதான். பலன் 1932-ல் தெரிந்தது: வலென்சியா எழுத்தாளர்கள் இதே விதிகளை அடிப்படையாக வைத்துத் தங்கள் விதிகளை ஏற்றுக்கொண்டார்கள்.

ஸ்பானிஷ் கலப்பை நீக்குவது அடுத்த வேலை. கப்பலுக்கு ‘பார்கோ’ வேண்டாம், நம்மிடம் ‘வஷேய்’ இருக்கிறதே என்பது போல. பழைய சொற்களை வெறுமனே தோண்டி எடுப்பது அவர் நோக்கம் அல்ல. பல நூற்றாண்டு ஸ்பானிஷ் ஆதிக்கம் இல்லாமல் இருந்திருந்தால் இந்த மொழி இன்று எப்படி வளர்ந்திருக்கும் என்று யோசித்தார். எல்லாம் ஜெயித்ததா? இல்லை. ‘பூவேனோ’ என்ற ஸ்பானிஷ் சொல்லை கத்தலான்காரர்கள் இன்றும் விடவில்லை.

எதிர்ப்பும் வந்தது. அந்த மொழிப் பிரிவின் முதல் தலைவரான அந்தோனி மரியா அல்கோவெர் 1918-ல் சண்டை போட்டு வெளியேறினார். அதே ஆண்டு ஃபாப்ராவின் இலக்கணம் வந்தது. 1919 முதல் ஒரு நாளிதழில் மொழிக் குறிப்புகளைத் தொடராக எழுதினார். 1932-ல் அகராதி வெளியானது. 1995 வரை அதிகாரபூர்வ அகராதி அதுதான். நடுவில் கத்தலோனிய டென்னிஸ் சங்கத்துக்கும் தலைவராக இருந்திருக்கிறார், மனிதர்!

கப்பல் சிறையும் எல்லையும்

1934 அக்டோபரில் கத்தலோனிய அரசு மத்திய அரசை எதிர்த்து எழுந்து தோற்றது. பல்கலைக்கழக நிர்வாகக் குழுத் தலைவராக இருந்த ஃபாப்ராவும் கைதானார். துறைமுகத்தில் நின்ற ‘உருகுவாய்’ என்ற கப்பலில் அடைத்து வைத்தார்கள்.

1939 ஜனவரி கடைசியில் பிராங்கோவின் படை நெருங்க, 71 வயதை எட்ட சில வாரங்களே இருந்த நிலையில், அவர் எல்லை தாண்டி பிரான்ஸுக்குப் போனார். பதலோனா வீட்டிலிருந்த புத்தகங்கள் தெருவில் எரிக்கப்பட்டன. பள்ளி, அரசு அலுவலகம், பத்திரிகை என எல்லா இடத்திலிருந்தும் கத்தலான் வெளியேற்றப்பட்டது.

கடைசியில் பிரான்ஸின் பிராதா என்ற சிறு ஊரில் தங்கினார். வறுமைதான். அங்கும் இலக்கணம் எழுதுவதை நிறுத்தவில்லை. 1947-ல் உயில் எழுத வேண்டியிருந்தது. பிரான்ஸில் எழுதினால் பிரெஞ்சில்தான் எழுத வேண்டும்; ஸ்பெயினுக்குள் போக முடியாது. கத்தலானை ஆட்சிமொழியாக வைத்திருந்த ஒரே நாடு, மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்தோரா. 79 வயதில் அங்கே போய்த் தன் உயிலைத் தன் மொழியில் எழுதிவிட்டு வந்தார்.

1948 கிறிஸ்துமஸ் அன்று பிராதாவில் இறந்தார். விட்டுச் சென்ற இலக்கணக் கையெழுத்துப் பிரதியை மொழியியலாளர் ஜுவான் கொரோமினெஸ் தொகுத்தார். 1956-ல் அது புத்தகமானது. வெளியான இடம், பிராங்கோ ஆட்சியில் இருந்த பார்சிலோனா.