ஆபிரகாம் பண்டிதரும் நரம்பின் அளவும்

விழுப்புரத்தை அடுத்துப் பம்பையாற்றங்கரையில் உள்ளது திருவாமாத்தூர். மூவர் பாடலும் பெற்ற தலம். அங்கே தேவாரம் பாடக் கேட்டு நிற்குங்கால் ஓர் ஐயம் எழுதல் கூடும். சட்சத்தினின்று பஞ்சமம் எவ்வளவு தொலைவில் நிற்கின்றது? பாடுவார் செவி அதனை அறியும். அளந்து கூறுவார் யார்? இவ்வினாவிற்கே தம் வாழ்நாளின் பிற்பகுதியை ஈந்தவர் தஞ்சை மு. ஆபிரகாம் பண்டிதராவர்.

அன்னார் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் தோன்றினார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தஞ்சையில் தமிழாசிரியராய் அமர்ந்தார். பின்னர் சித்த மருத்துவத்தால் பெயரும் பொருளும் ஈட்டினார். பொருளீட்டிய மருத்துவர் பலர். அப்பொருளைச் சுருதி ஆராய்ச்சியிற் செலவிட்டார் வேறொருவரை யாம் கேட்டதில்லை. 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தஞ்சையில் நிறுவி, வித்துவான்களை வரவழைத்து மாநாடுகள் கூட்டினார்.

நிற்க. பழங்காலக் கிரேக்கர் ஒற்றை நரம்பைப் பலகைமேல் இழுத்துக் கட்டி, அதன்கீழ்க் குதிரையை நகர்த்திச் சுரங்களை அளந்தனர். இக்கருவியைப் பிதாகோரசு பெயரோடு இணைத்துக் கூறுவர். நரம்பிற் பாதி மேற்சட்சம். மூன்றில் இரண்டு பஞ்சமம். நான்கில் மூன்று மத்திமம். கணக்கு எளிதே. ஆயினும் இவ்வாறு பஞ்சமத்திற்குப் பஞ்சமமாகப் பன்னிருமுறை ஏறினால் தொடங்கிய சட்சத்தில் வந்து சேராது. சிறிது மிஞ்சி நிற்கும். பண்டிதர் இம்மிச்சத்தைப் பற்றிக்கொண்டார். சிலப்பதிகாரமும் அதன் உரையும் காட்டும் பன்னிரு இராசி வட்டம் குறைவின்றி முடிதல் வேண்டும்; ஆகலின் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமகூறுகளேயாம்; அவற்றை இவ்விரண்டாக்கச் சுருதி 24 ஆகும் என்று துணிந்தார். சாரங்கதேவர் முதலியோர் கொண்ட 22 சுருதிகளை மறுத்தார். 1916இல் பரோடாவில் நிகழ்ந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்து, தம் குடும்பப் பெண்டிரைக் கொண்டு வீணையில் மெய்ப்பித்துக் காட்ட முயன்றார். அடுத்த ஆண்டு கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூல் வெளிவந்தது.

அவர் கூற்று முற்றும் பொருந்துமா? 36 அங்குல நரம்பொன்றைக் கொள்வோம். மூன்றில் இரண்டென்னும் முறைப்படி பஞ்சமம் 24 அங்குலத்தில் நிற்கும். சமகூற்று முறைப்படி 24.03. இவ்வேறுபாட்டைச் செவி பெரும்பாலும் பொருட்படுத்தாது. அந்தர காந்தாரமோ அவ்வாறன்று. தம்பூரில் தானே எழும் காந்தாரத்திற்கு நரம்பு 28.8 அங்குலம், பண்டிதர் கணக்கில் 28.57. கால் அங்குலத்திற்குச் சற்றே குறைந்த இவ்விடைவெளியை நல்ல செவி அறிந்துகொள்ளும். விபுலாநந்த அடிகளும் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் 22 அலகுகளையே கொண்டார். எம் சிற்றறிவிற்கும் அக்கொள்கையே ஏற்புடையதாய்த் தோன்றுகின்றது. எனினும் சிலப்பதிகார உரையிற் புதைந்து கிடந்த இசைக்கணக்கை நரம்பின்மேல் வைத்து அளந்து, உடன்படுவாரும் மறுப்பாரும் ஒருங்கே பேசுதற்கு உரியதாக்கியவர் பண்டிதரே.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பண்டிதர் தஞ்சையில் காலமானார். அச்சேறாது எஞ்சிய அவர் நூலின் இரண்டாம் பகுதி 1946இல் வெளிவந்தது.