ஊரைக் கூட்டி உழைத்த தமிழவேள்

பதவியால் பெருமை பெறுவோர் உண்டு. பதவிக்குப் பெருமை சேர்ப்போரும் உண்டு. பதவி போன பின்னரும், ஏன், அப்பதவியே சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், தாம் செய்த பணி நிலைத்து நிற்குமாறு வாழ்ந்தோர் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர், நம் தஞ்சைத் தரணி ஈன்றெடுத்த தமிழவேள் உமாமகேசுவரனார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் அவரை நாடு அறியும். ஆனால், மக்களின் பிரதிநிதியாக ஊராட்சி மன்றத்தில் அமர்ந்து, ஊராரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டு அவர் ஆற்றிய தொண்டினை நம்மில் பலர் அறியோம். அத்தொண்டினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவியல் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் நாற்று நடுபவர். தந்தையார் அறுவடைக் காலத்தில் வயலிலும், மற்றக் காலத்தில் கிடைத்த வேலையிலும் உழைப்பவர். எனக்கு முதல் எழுத்தைக் கற்றுத் தந்தது எங்கள் ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இத்தகைய பள்ளிகள் யாரால் வந்தன? யார் கேட்டதனால் வந்தன? இவ்வினாக்கள் எனக்குள் எழுந்தபோதுதான், தாலுகா போர்டு என்னும் பழைய பெயர் கண்ணில் பட்டது. அதன் வழியே உமாமகேசுவரனாரிடம் வந்து சேர்ந்தேன்.

தஞ்சை நகரை ஒட்டி, வடவாற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் கரந்தை. கருந்திட்டைக்குடி என்பது அதன் பழம்பெயர். அவ்வூரில் 1883ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் உமாமகேசுவரனார் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். சிற்றன்னையின் அரவணைப்பில் வளர்ந்தார். படிப்பை முடித்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று அவர் அமர்ந்துவிடவில்லை. வேலையை விட்டுச் சென்னைக்குச் சென்று சட்டம் பயின்றார். தஞ்சைக்கே திரும்பி வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். பெருநகரம் அழைத்தபோதும் பிறந்த ஊரை மறவாத பெற்றியை இங்கே நாம் காண்கிறோம்.

1911ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் உமாமகேசுவரனாரின் தம்பியாகிய இராதாகிருட்டிணனார். தம்பி தொடங்கிய சங்கத்துக்கு அண்ணன் முதல் தலைவரானார். தம்பி இளம் வயதிலேயே மறைந்தார். அண்ணனோ தம் இறுதி மூச்சு வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அச்சங்கத்தைக் கண்ணின் மணியெனக் காத்தார்.

தமிழ்ச் சங்கம் என்றால் புலவர்கள் கூடிப் பாட்டும் உரையும் பேசிக் கலைவது என்றுதான் பலரும் நினைப்பர். கரந்தைச் சங்கம் அவ்வளவில் நின்றுவிடவில்லை. 1916ஆம் ஆண்டு செந்தமிழ்க் கைத்தொழிற் கல்லூரி என்னும் பெயரில் ஒரு நிலையத்தைத் தொடங்கித் தமிழையும் கைத்தொழிலையும் சேர்த்துக் கற்பித்தது. ஏட்டைப் பிடிக்கும் கை தறியையும் பிடிக்க வேண்டும்; தறி பிடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஏடும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள் என நான் கருதுகிறேன். கூட்டுறவு முறையில் அச்சகம் ஒன்று அமையவும் உமாமகேசுவரனார் காரணமாக இருந்தார். 1925ஆம் ஆண்டு 'தமிழ்ப் பொழில்' என்னும் இதழ் மலர்ந்தது. ஒருவர் தனியாகச் செய்ய முடியாததைப் பலர் சேர்ந்தால் செய்யலாம் என்ற பாடத்தை, கரந்தை மக்கள் சங்கத்தில்தான் முதலில் பயின்றனர் எனலாம்.

இங்கே ஊராட்சியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு, உள்ளூர் நிர்வாகத்தில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்று தீர்மானம் வெளியிட்டார். அதனையொட்டி 1884ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஜில்லா போர்டு, வட்டத்துக்குத் தாலுகா போர்டு என்ற அமைப்புகள் எழுந்தன. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் கையை வலுப்படுத்தியது. ஊர்ச் சாலை, குடிநீர்க் கிணறு, மருந்தகம், சந்தை, தொடக்கப் பள்ளி ஆகியவை இவற்றின் பொறுப்பு. நிலத்தீர்வையோடு சேர்த்துத் தண்டப்பட்ட 'செஸ்' என்னும் வரியே முக்கிய வருவாய். பொறுப்போ மலையளவு, பணமோ கையளவு!

இத்தகைய நிலையில்தான் உமாமகேசுவரனார் தஞ்சைத் தாலுகா போர்டில் முதலில் துணைத் தலைவராகவும், பின்னர்த் தலைவராகவும் பணியாற்றினார். பதவியை அவர் தம் வழக்கறிஞர் தொழிலுக்கு விளம்பரப் பலகையாக்கிக் கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வியிலேயே கண் வைத்தார். அவர் காலத்தில் வட்டத்தின் தொடக்கப் பள்ளிகள் 40லிருந்து 170 ஆகப் பெருகின என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கூறுவோர் குறிப்பிடுவர்.

இந்த எண்ணிக்கையை நாம் எளிதாகக் கடந்து சென்றுவிடக் கூடாது. ஓர் ஊரில் பள்ளி வருவது என்றால் என்ன? ஆணை பிறப்பித்தால் மட்டும் பள்ளி வந்துவிடாது. இடம் வேண்டும். கூரை வேண்டும். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியருக்குத் தங்க ஒரு திண்ணையாவது வேண்டும். இவை எல்லாம் கிடைத்தாலும் பிள்ளைகள் வர வேண்டுமே! காவிரிப் பாசன நாட்டில் நடவு வந்தால் தாய் வயலுக்குப் போவாள். மூத்த பெண் பிள்ளை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். பையன் மாட்டை ஓட்டிக்கொண்டு போவான். அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று சொல்ல ஊரில் நாலு பேர் வேண்டும். ஊராரின் ஒத்துழைப்பின்றி ஒரு பள்ளிகூட நிலைக்காது. எனவே பள்ளிகள் பெருகின என்று படிக்கும்போது, அவற்றுக்குப் பின்னே இடம் தந்தவரும், கூரை வேய்ந்தவரும், பிள்ளையை அனுப்பிய தாயும் என் கண் முன் நிற்கின்றனர்.

ஊர் கூடிச் செய்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. வாய்க்காலில் தண்ணீர் வருமுன் வீட்டுக்கு ஓர் ஆளாக மண்வெட்டியுடன் புறப்பட்டுத் தூர் வாரும் குடிமராமத்து முறை நம் முன்னோர் கண்டது. தன் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமானால் ஊர் வாய்க்காலை எல்லோரும் சேர்ந்து வெட்ட வேண்டும் என்பது உழவனுக்குத் தெரியும். கல்வியும் அத்தகைய வாய்க்காலே.

உமாமகேசுவரனாருக்கு உற்ற துணையாக வாய்த்தவர் சர் ஏ.டி. பன்னீர்செல்வம். தஞ்சை நகராட்சித் தலைவராக இருந்து, பின்னர் 1924 முதல் 1930 வரை ஜில்லா போர்டுத் தலைவராகப் பணியாற்றியவர் அவர். மராட்டிய மன்னர்கள் அமைத்த சத்திரங்களும், அவற்றின் வருவாயில் நடந்த அறநிலையங்களும் ஜில்லா போர்டின் பொறுப்பில் இருந்தன. திருவையாற்றில் அந்த வருவாயில் நடந்த கல்லூரியில் வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டு வந்தது. நாட்டு மக்களின் நெல்லும் நிலமும் தந்த வருவாயில் நாட்டு மக்களின் மொழிக்கு இடமில்லையா என்ற கேள்வி எழுந்தது. உமாமகேசுவரனார் தூண்ட, பன்னீர்செல்வம் துணிய, அக்கல்லூரியில் தமிழும் அரியணை ஏறியது. இது மொழிச் சண்டையில் கிடைத்த வெற்றி மட்டுமன்று. பொதுச் சொத்து பொதுமக்களுக்கே உரியது என்னும் நீதிக்குக் கிடைத்த வெற்றியுமாகும்.

அன்பர்களே! பெரியோரைப் போற்றும்போது அவர் வாழ்ந்த காலத்தின் குறையையும் மறைத்தல் ஆகாது. அன்று வாக்குரிமை எல்லோருக்கும் இல்லை. சொத்தும் வரியும் உடையோரே வாக்களித்தனர். பண்ணையில் கட்டுண்டு கிடந்த என் கொள்ளுத் தாத்தாவைப் போன்றோர் அந்தப் போர்டுக்கு யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று நிலைநாட்ட, 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைக்கு வந்தது 1952ஆம் ஆண்டில்தான். ஆகவே ஊரார் என்ற சொல்லுக்குள் அன்று ஊரில் பாதிப் பேர் அடங்கவில்லை. ஆயினும், வாக்களிக்க இயலாதவரின் ஊருக்கும் பள்ளி போய்ச் சேர்ந்தால்தான், நாளை அவர் வீட்டுப் பிள்ளை வாக்கும் கேட்பான், கணக்கும் கேட்பான். அந்தப் பிள்ளைகளின் வரிசையில் ஒருவனாகத்தான் நானும் இன்று இந்த மலரில் எழுதுகிறேன்.

1934ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டன. நாற்காலி போயிற்று, அலுவலகம் போயிற்று, பெயர்ப் பலகையும் போயிற்று. பள்ளிகள் ஜில்லா போர்டின் கைக்கு மாறின. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் ஊராட்சி ஒன்றியங்கள் அப்பொறுப்பை ஏற்றன. ஆனால் கரந்தைச் சங்கத்தை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை. ஏன்? அது அரசு கொடுத்த நாற்காலி அன்று. ஊரார் தாங்களே போட்ட பந்தல். 1937ஆம் ஆண்டு பள்ளிகளில் கட்டாய இந்தி வரவிருந்தபோது, அதனை எதிர்த்து எழுந்த முதற் குரல்களுள் கரந்தையின் குரலும் ஒன்று. 1938ஆம் ஆண்டு அங்கே புலவர் கல்லூரி தோன்றியது. பதவி இழந்த மனிதர் ஓய்ந்து போகவில்லை. மேலும் ஓங்கி வளர்ந்தார்.

சங்கம் ஒரு நாள் தமிழுக்கெனப் பல்கலைக்கழகமாக வளர வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. தாகூர் வங்கத்தில் வளர்த்த சாந்திநிகேதனைப் போல் காவிரிக் கரையிலும் ஒன்று வேண்டும் என்று விரும்பினார். வடநாட்டுக்குப் பயணம் மேற்கொண்டார். அப்பயணத்திலேயே, 1941ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் அயோத்தியில் அவர் உயிர் பிரிந்தது. கரந்தையில் பிறந்து கரந்தைக்கே உழைத்த பெருமகனார் கரந்தை மண்ணைக் காணாமலே கண் மூடினார்! நாற்பது ஆண்டுகள் கழித்து, 1981ஆம் ஆண்டு தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் எழுந்தபோது, அவர் உயிரோடு இருந்திருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பார்! இன்று கரந்தையில் அவர் பெயர் தாங்கிய பள்ளியும் கலைக் கல்லூரியும் நடைபெறுகின்றன.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? 1992ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தங்களும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு இடம் தந்துள்ளன. 2014ஆம் ஆண்டு மாநகராட்சியான தஞ்சை போன்ற நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022ஆம் ஆண்டு விதிகள் வந்துள்ளன. பதினெட்டு வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்கு உண்டு. உமாமகேசுவரனார் காலத்தில் இல்லாத வசதிகள் இவை. ஆயினும் எங்கள் ஊரில் கிராம சபை கூடும்போது நான் காண்பது என்ன? கையெழுத்து ஏடு சுற்றி வருகிறது. வந்தோர் கையெழுத்திடுகின்றனர். தீர்மானம் படிக்கப்படுகிறது. கேள்வி கேட்போர் இரண்டொருவர். படித்துறையில் நெகிழிக் குப்பை அப்படியே கிடக்கிறது. உரிமை வந்துவிட்டது, ஊர் வரவில்லை!

அந்த ஊரைக் கூட்டி வரும் கடமை படித்த நமக்கே உண்டு. தீர்மானத்தை எழுதத் தெரிந்தவர் நாம். வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் நாம். எழுதப் படிக்கத் தெரியாத நம் பெற்றோர் கேட்க நினைத்து, கூச்சத்தால் கேட்காமல் விட்ட கேள்விகளை அறிந்தவரும் நாமே. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவன் கிராம சபையில் எழுந்து, எங்கள் தெருவுக்கு விளக்கு எப்போது வரும், வாய்க்கால் எப்போது தூர் வாரப்படும் என்று பணிவோடு கேட்கட்டும். கேட்டதோடு நில்லாமல், தூர் வாரும் நாளில் மண்வெட்டியையும் தூக்கட்டும். தலைவர் ஒருவர் வந்து எல்லாம் செய்வார் என்று காத்திருந்தால், அவர் பதவிக் காலம் முடியும்போது பணியும் முடியும். ஊரே தலைவரோடு சேர்ந்து செய்தால், பதவி ஒழிந்தாலும் பணி ஒழியாது.

தமிழவேள் உமாமகேசுவரனாரின் வாழ்வு நமக்குக் காட்டும் வழி இதுவே. அவ்வழியில் நடப்போம்! நம் ஊரையும் நடத்திச் செல்வோம்!