வேலுத்தம்பி தளவாய்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளையில் தமிழகத்துள் நுழைகிறது. விடுமுறைக்கு இவ்வழியே ஊர் திரும்பும் நம் மாணவர் பலரும் தலைமைச் செயலகத்தின் முன்னே நிமிர்ந்து நிற்கும் சிலையைக் கண்டிருப்பர். அது வேலுத்தம்பி தளவாயின் சிலை. ஆங்கிலேயரை எதிர்த்து உயிர் நீத்த வீரர் அவர் என்பதை யாவரும் அறிவோம். ஆனால், தம் நாட்டுப் படைவீரர்களின் படியைக் குறைக்க முற்பட்டு, அவ்வீரர்களாலேயே தலைநகரை விட்டுத் துரத்தப்பட்டவரும் அவரே என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

வேலாயுதன் செண்பகராமன் தம்பி 1765-ம் ஆண்டில் தலக்குளத்தில் பிறந்தார். அன்று திருவாங்கூரைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. செல்வாக்கு மிக்க குடும்பம். இளமையிலேயே அரசாங்க அலுவல் கிடைத்தது. 1798-ல் பதினாறே வயதான பாலராம வர்மா அரியணை ஏறினார். அரசரின் இளமையைப் பயன்படுத்திக்கொண்டு, அவரைச் சூழ்ந்திருந்த சிலர் செல்வர்களிடம் பொருளை வற்புறுத்திப் பறிக்கலாயினர். தம்பியிடமும் பெருந்தொகை கேட்டனர். அவரோ ஊர் மக்களைத் திரட்டிக்கொண்டு தலைநகர் சென்று, அவர்களைப் பதவியினின்றும் இறக்கினார். அதுமுதல் அவர் கை ஓங்கிற்று. சில ஆண்டுகளில் அமைச்சர்களுள் முதல்வராகிய தளவாய் பதவியும் அவரை வந்தடைந்தது.

தளவாய் பொறுப்பேற்ற போது கருவூலம் வறண்டு கிடந்தது. அதற்குக் காரணம் போர். 1789-ன் இறுதியில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கினார். மறு ஆண்டில் அதை உடைத்து உள்ளே புகுந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையை நாடிய திருவாங்கூர், 1795-ல் அதனோடு உடன்படிக்கை செய்துகொண்டு, கம்பெனிப் படைக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட ஒப்புக்கொண்டது. 1799-ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டார். பகைவன் ஒழிந்தான், ஆனால் அவனுக்காக வளர்த்த படையும், அவனுக்கு அஞ்சி ஏற்ற கப்பமும் ஒழியவில்லை. ஒரே நாடு இரண்டு படைகளுக்குச் சோறு போட வேண்டியதாயிற்று.

கணக்கில் கண்டிப்பு மிக்க தம்பி ஒரு முடிவுக்கு வந்தார். போர் இல்லாத காலத்தில் போர்க்காலச் செலவு எதற்கு என்று எண்ணி, நாயர் படையினரின் படியைக் குறைக்கத் திட்டமிட்டார். ஏட்டளவில் அது சரியான கணக்கே. ஆயினும் படைவீரனுக்கு அது கணக்கன்று, வயிறு. எல்லையில் நின்று நாட்டைக் காத்ததற்கு இதுவா பரிசு என்று அவர்கள் கொதித்தனர். 1804-ல் ஏறத்தாழ பதினாயிரம் பேர் திரண்டு திருவனந்தபுரத்தை நோக்கி நடந்தனர். தளவாயை நீக்க வேண்டும், கம்பெனியின் உறவை அறுக்க வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள்.

தம்பி தப்பிச்சென்று, கம்பெனியின் பிரதிநிதியான கர்னல் மெக்காலேயிடம் உதவி கேட்டார். கம்பெனிப் படையின் பலத்தால் கலகம் அடக்கப்பட்டது, தலைவர்கள் கொல்லப்பட்டனர். உதவிக்கு விலை உண்டல்லவா? 1805-ம் ஆண்டு ஜனவரித் திங்களில் புதிய உடன்படிக்கை எழுந்தது. அதன்படி ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். ஆட்சியில் தலையிடவும் கம்பெனிக்கு வழி பிறந்தது. சிறு செலவை மிச்சப்படுத்தப் புகுந்தவர் பெருங்கடனில் நாட்டைச் சிக்கவைத்தார்.

கப்பம் பாக்கி விழுந்தது. மெக்காலேயின் நெருக்குதல் நாளுக்கு நாள் வளர்ந்தது. நண்பர் பகைவரானார். 1808 டிசம்பர் இறுதியில் தம்பியின் ஆட்களும் கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனின் ஆட்களும் மெக்காலேயின் மாளிகையைத் தாக்கினர்; அவர் மயிரிழையில் தப்பினார். 1809 ஜனவரி 11-ல் குண்டறையில் தம்பி வெளியிட்ட அறிக்கை, கம்பெனியை எதிர்த்து எழுமாறு மக்களை அழைத்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் படையினர் எதைக் கேட்டுக் கலகம் செய்தார்களோ, அதையே இப்போது தளவாய் கேட்டார். காலம் கடந்துவிட்டது.

கொல்லத்தில் திருவாங்கூர்ப் படை தோற்றது. பிப்ரவரி 10-ல் ஆரல்வாய்மொழி அரண் ஆங்கிலேயர் வசமாயிற்று. உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. தென்பாதை வழியே முன்னேறிய அப்படை தலைநகருக்கு அருகே பாப்பனங்கோட்டில் பாசறை அமைத்தது. பழியனைத்தையும் தம் தலையில் ஏற்றுக்கொண்டு தம்பி வெளியேறினார். மண்ணடியில் ஒரு கோயிலில் சூழப்பட்டபோது, பகைவர் கையில் சிக்க மனமின்றி உயிரை விட்டார். அவர் உடலைக் கண்ணம்மூலையில் தூக்கித் தொங்கவிட்டனர். இச்செயலைக் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கண்டித்தார்.

பின்னர் நடந்தது என்ன? தம்பி குறைக்க எண்ணியது படிமட்டுமே. கம்பெனியோ படையையே கலைத்தது. அரண்மனைக் காவலுக்கும் அரசச் சடங்குகளுக்குமாக ஏறத்தாழ எழுநூறு பேர் மட்டும் எஞ்சினர். மற்றவர்கள் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினர். 1817-ல் ராணி பார்வதி பாயின் காலத்தில் படை மீண்டும் பெருக்கப்பட்டது. பிறகு நாயர் பிரிகேட் என்னும் பெயர் பெற்றது. நாடு விடுதலையடைந்தபின் திருவாங்கூர்ப் படை இந்தியப் படையுடன் இணைந்து, மதராஸ் ரெஜிமெண்டில் இன்றும் வாழ்கிறது.

தம்பியின் வீரத்தை நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். எனினும் வீரர்களின் பிழைகளையும் படிப்பதே மாணவர்க்கு அழகு. போர் முடிந்ததும் படையைச் சுருக்குவது எந்த அரசுக்கும் நேரும் கடமை. அதை வீரனின் மனமறிந்து செய்தால் நாடு தழைக்கும். அவனை வெறும் செலவாக எண்ணிச் செய்தால், நாளை ஆபத்து வரும்போது அழைக்க ஆள் இராது. அடுத்த முறை அச்சிலையைக் கடக்கும்போது, தளவாயை வணங்குவதோடு, 1804-ல் படிக்காக நடந்துவந்த பெயரறியாத வீரர்களையும் ஒரு கணம் நினைப்போமாக.