ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் பாடம் கற்ற மருத்துவர்

பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் 'மாண்டிசோரி' என்ற சொல்லைத் தெப்ராவ் வட்டார மாணவர்களும் பார்த்திருப்பீர்கள். அது ஓர் இத்தாலியப் பெண் மருத்துவரின் பெயர். அவருடைய கல்விமுறை, வளர்ச்சியில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்து பிறந்தது என்பது பலருக்கும் தெரியாது.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு, நம் சுதந்திர நாளான ஆகஸ்டு 31-இல் கியாரவாலே என்ற ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த காலம் அது. ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது முறையன்று என்று கருதப்பட்டதால், அந்தப் பயிற்சியை மற்றவர்கள் போன பிறகு தனியாகச் செய்தார். 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பிறகு அதே பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்போது அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெரியவர்களோடு மனநலக் காப்பகங்களில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு காப்பகத்தில் குழந்தைகள் உணவு முடிந்ததும் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைத் தேடித் துழாவினார்களாம். பார்த்துக்கொண்டவர் அதை அருவருப்பாக நினைத்தார். மரியாவோ அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொடுவதற்கும் பிடிப்பதற்கும் அங்கே வேறு ஒரு பொருளும் இல்லை. குழந்தைகளின் பசி வயிற்றில் இல்லை, கைகளில் இருந்தது என்று அவர் புரிந்துகொண்டதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இத்தார், செகேன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளுக்குப் புலன்கள் வழியாகக் கற்பிக்க முயன்றிருந்தனர். அவர்களது நூல்களை மரியா தம் கையாலேயே மொழிபெயர்த்து எழுதிப் படித்தார். 1900-இல் ரோமில் இக்குழந்தைகளுக்காக ஒரு சிறப்புப் பள்ளி தொடங்கியபோது அதன் இயக்குநர்களில் ஒருவரானார். காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை குழந்தைகளோடு இருப்பார்.

அங்கே ஒரு சிறுமிக்குத் துணி தைக்க வரவில்லை. எத்தனை முறை காட்டியும் ஊசியை மேலும் கீழும் விட்டெடுக்கத் தெரியவில்லை. மரியா தையலை நிறுத்திவிட்டு, காகிதப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுப் பாய் பின்னும் வேலையைக் கொடுத்தார். அது கைவந்த பிறகு ஊசியைக் கொடுத்தபோது சிறுமி தைத்துவிட்டாள். ஒரு திறனுக்கு முன் கைக்கு என்ன பழக்கம் வேண்டும் என்று கண்டுபிடித்து, அதை முதலில் தரவேண்டும். எழுத்து வடிவங்களை விரலால் தடவிப் பழகிய பின் எழுத வைப்பதும் இந்த வழியில் வந்ததே.

அவரது மாணவர்களில் சிலர் மற்றக் குழந்தைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. மரியாவின் எண்ணமோ வேறு பக்கம் ஓடியது. இவர்களே தேறுகிறார்கள் என்றால், நலமாக உள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகள் எவ்வளவு தூரம் பின்னுக்கு இழுக்கின்றன என்று கவலைப்பட்டார்.

அவர் வாழ்க்கையில் ஒரு வலியும் உண்டு. 1898-இல் திருமணமாகாத நிலையில் மாரியோ என்ற மகன் பிறந்தான். அக்காலச் சமூகத்துக்கு அஞ்சி, குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் விட்டு வளர்க்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகே மகன் தாயோடு சேர்ந்தார். கடைசி வரை அவருடைய பணிக்குத் துணையாக நின்றார்.

6.1.1907-இல் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரன்சோவில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. சிறப்புப் பள்ளியில் பயன்பட்ட முறைகள் இப்போது எல்லாக் குழந்தைகளுக்கும் வந்தன. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில், ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் வேலை செய்தார்கள்.

தமிழ் மண்ணுக்கும் அவருக்கும் தொடர்புண்டு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மாரியோவைச் சிறை முகாமில் அடைத்தது. மரியாவை அடையாறு வளாகத்தை விட்டு நகரவிடவில்லை. அவரது 70-ஆவது பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். பிறகு கொடைக்கானலிலும் சில காலம் தங்கிப் பணியாற்றினார். 6.5.1952-இல் நெதர்லாந்தில் காலமானார்.

1907-க்குப் பிறகு அவர் கவனம் பெரும்பாலும் பொதுவான குழந்தைகள் பக்கமே சென்றது. இன்று பல நாடுகளில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் வசதி உள்ளவர்களுக்கே எட்டுகின்றன. பேச்சு தாமதமான, நடை தாமதமான பிள்ளையின் பெற்றோர் இடம் தேடி அலைவதும் நடக்கிறது. நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பாலர் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது. ஆனால் சட்டம் கதவைத்தான் திறக்கும். உள்ளே வந்த குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை என்றால், அதற்கு முந்திய படி எது என்று பார்க்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

பாலர் கல்வி படிக்க எண்ணும் மாணவர்களே, அந்த ஆசிரியர் நீங்களாக இருக்கலாம். பிள்ளைக்கு வரவில்லை என்று எழுதி முடிக்குமுன், அந்தக் கைகளுக்கு இதுவரை நாம் என்ன கொடுத்தோம் என்று கேட்டுப் பாருங்கள்.